நிலவில் அணு உலை வைத்தால் வெப்பத்தை எங்கே கொட்டுவது?

"நிலவில் தளம் அமைத்தால் 40 கிலோவாட்டுக்கு ஒரு சின்ன அணு உலை வைப்பார்களாம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் குளிர்விக்கக் கடல் இருக்கிறது. அங்கே தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. எப்படிச் சமாளிப்பார்கள்? சோலார் போதாதா? ராக்கெட் வெடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் இருந்தாலும் உங்களை உறுத்துவது முதலாவதுதான் என்று நினைக்கிறேன். அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எரிபொருளிலிருந்து வெப்பத்தை வெளியே எடுப்பது ஒரு வேலை. அப்படி எடுத்ததில் மின்சாரமாக மாறாத முக்கால் பங்கைக் கடைசியில் எங்கே கொட்டுவது என்பது வேறு வேலை. முன்னது ஓரளவு தீர்ந்த விஷயம். பின்னதுதான் உலையின் எடையையும் அளவையும் அதை எங்கே நிறுத்துவது என்பதையும் தீர்மானிக்கிறது. நிலவு உலையில் அணு சம்பந்தப்பட்ட பகுதி இருப்பதிலேயே எளிது; தலைவலி முழுக்க அதற்கு வெளியே இருக்கிறது.

சோலாரை முதலில் முடித்துவிடலாம். நிலவில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 29.5 பூமி நாட்கள். நடுக்கோட்டுப் பகுதியில் இரவு மட்டும் சுமார் 354 மணி நேரம். அவ்வளவு நேரமும் 40 கிலோவாட் வேண்டுமென்றால் 14,160 கிலோவாட் மணி சேமித்து வைத்திருக்க வேண்டும். கிலோவுக்கு 200 வாட் மணி தரும் நல்ல லித்தியம் பேட்டரி என்று வைத்துக்கொண்டாலும் பேட்டரி மட்டும் 70 டன். அதைக் கொண்டுபோய் இறக்கும் தரையிறங்கி இன்றைக்கு யாரிடமும் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய விக்ரமும் பிரக்யானும் ஒரு நிலவுப் பகல் வேலை செய்துவிட்டு, அந்த இரவுக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை என்பது நினைவிருக்கும்.

ஆனால் தென் துருவத்தில் கணக்கு மாறும். ஷாக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பு போன்ற மேடுகளில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் படுகிறது. இருட்டு தொடர்ந்து சில நாட்கள்தான். மூன்று நாள் இருட்டுக்கு 2,880 கிலோவாட் மணி, அதாவது 14 டன் பேட்டரி. பத்து கிலோவாட் போதும் என்றால் நாலு டன்னுக்குள் முடிந்துவிடும். எனவே சிறிய, துருவ மேட்டில் அமைந்த தளத்துக்கு சோலார் முட்டாள்தனமான யோசனை ஒன்றுமில்லை. உலையின் நியாயம் இரண்டு இடங்களில் வலுக்கிறது: தளம் நடுக்கோட்டின் பக்கம் வந்தால், அல்லது வெயிலே படாத பள்ளத்துக்குள் இறங்கிப் பனிக்கட்டியை வெட்டி எடுக்க வேண்டுமென்றால்.

இப்போது உலைக்கு வருவோம். 40 கிலோவாட் மின்சாரம், பயனுறுதிறன் 25 விழுக்காடு என்றால் உலை தர வேண்டிய வெப்பம் 160 கிலோவாட். பத்து வருடம் இடைவிடாமல் ஓடினால் சுமார் 584 மெகாவாட் நாள். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுதாகப் பிளந்தால் ஏறக்குறைய 0.95 மெகாவாட் நாள் கிடைக்கும். ஆக பத்து வருடத்துக்குப் பிளவது 600 கிராம் சொச்சம். பிளக்காமல் நியூட்ரானை விழுங்கி வீணாவதையும் சேர்த்தால் முக்கால் கிலோ. இவ்வளவுதான் செலவு. ஆனால் உலைக்குள் வைக்க வேண்டியது அதைப்போலப் பல மடங்கு, ஏனென்றால் தொடர்வினை நிற்காமல் ஓட மாறுநிலை நிறை வேண்டும். எரிபொருள் அளவை நிர்ணயிப்பது ஆற்றல் தேவையல்ல, நியூட்ரான் கணக்கு. இது புரிந்துவிட்டால் பாதி வடிவமைப்பு புரிந்துவிடும்: பத்து வருட ஆயுளை இருபதாக்க யுரேனியம் பெரிதாகக் கூட்ட வேண்டியதில்லை, ஆனால் மின்சாரத்தை இரட்டிப்பாக்க வெளியே உள்ள எல்லாமே பெருக வேண்டும்.

இதற்கு உண்மையில் ஓட்டிப் பார்த்த உதாரணம் கிரஸ்டி என்ற சோதனை உலை. நாசாவின் க்ளென் ஆய்வு மையமும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் சேர்ந்து செய்து, நெவாடாவில் 2017 நவம்பர் முதல் 2018 மார்ச் வரை சோதித்தார்கள். அதன் மையம் 11 சென்டிமீட்டர் விட்டம், 25 சென்டிமீட்டர் உயரம் உள்ள திட உருளை: 93 விழுக்காடு செறிவூட்டிய (அதாவது அவ்வளவும் பிளக்கும் வகையான யுரேனியம்-235) யுரேனியத்தோடு 8 விழுக்காடு போல மாலிப்டினம் சேர்ந்த கலவை, சுமார் 32 கிலோ. சுற்றிலும் நியூட்ரானைத் திருப்பி அனுப்பும் பெரிலியம் ஆக்சைடு, பக்கவாட்டில் எட்டு சோடியம் வெப்பக் குழாய்கள். இத்தோடு கல்பாக்கத்தின் காமினி உலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் பெரிலியம் ஆக்சைடு பிரதிபலிப்பான்தான். 30 கிலோவாட் வெப்பம் தருகிறது. எரிபொருள் யுரேனியம்-233, அதுவும் 600 கிராம் அளவுக்குத்தான். வித்தியாசம் தண்ணீர். நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கத் தண்ணீர் இருப்பதால் கிராம் கணக்கில் முடிகிறது. நிலவில் 800 டிகிரி செல்சியஸில் ஓட வேண்டிய உலைக்குள் தண்ணீரை வைக்க முடியாது. ஏன் 800 டிகிரி என்பது ரேடியேட்டரைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

கிரஸ்டி பயன்படுத்தியது ஆயுதத் தரத்துக்கு நிகரான யுரேனியம். அந்த 32 கிலோ கலவையில் யுரேனியம்-235 மட்டும் 28 கிலோ அளவு; அப்படிப்பட்ட சரக்கை ஏவுதளத்துக்குக் கொண்டுபோவது பாதுகாப்புப் படைகளின் தலைவலி. 2020 டிசம்பரில் அமெரிக்கா வெளியிட்ட விண்வெளி அணுசக்திக் கொள்கையும் வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தொடலாம் என்கிறது. 20 விழுக்காட்டுக்குக் கீழே செறிவூட்டியதைப் போட்டால், தணிப்பான் இல்லாத மையத்துக்குச் சில நூறு கிலோ யுரேனியம் தேவைப்படும்; அதைச் சுற்றும் பிரதிபலிப்பானும் கவசமும் கூடவே பருக்கும். அதனால் பல வடிவமைப்புகள் ஹைட்ரஜனைத் திடப்பொருளுக்குள் பூட்டி வைக்கப் பார்க்கின்றன: சிர்க்கோனியம் ஹைட்ரைடு அல்லது இட்ரியம் ஹைட்ரைடு. நியூட்ரான் கணக்கில் அழகான தீர்வு. சிக்கல் வேதியியலில். சூடேறினால் ஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் பிரியும், பிரிந்தது உலோகச் சுவர் வழியே மெல்லக் கசியும். பத்து வருடத்தில் தணிப்பான் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட ஆரம்பத்திலேயே கூடுதல் எதிர்வினைத் திறனை, அதாவது தொடர்வினையைத் தாங்கும் வலுவை, வைத்து, அதை நியூட்ரானை விழுங்கும் கட்டுப்பாட்டு உருளைகளால் அடக்கி வைக்க வேண்டும். இட்ரியம் ஹைட்ரைடு கூடுதல் சூட்டைத் தாங்கும் என்பது உறுதி. நிலவு உலையின் உறைக்குள் பத்து வருடம் ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கும் என்பது இன்னும் ஓட்டிக் காட்டப்படாதது.

கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒன்று. 2018 மார்ச் 20, 21 தேதிகளில் கிரஸ்டி 28 மணி நேரம் முழுச் சூட்டில் ஓடியது. நடுவே வேண்டுமென்றே வெப்பத்தை மின்சாரமாக்கும் எஞ்சின்களை நிறுத்தினார்கள், வெப்பம் எடுப்பதைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். வெளியிலிருந்து யாரும் எதையும் அசைக்காமலேயே உலை தன்னைச் சரி செய்துகொண்டது. காரணம் எளிய இயற்பியல்: வெப்பம் எடுப்பது நின்றால் மையம் சூடாகி விரியும், விரிந்தால் நியூட்ரான்கள் அதிகமாகத் தப்பும், பிளவு குறையும். அதிகமாக வெப்பம் எடுத்தால் மையம் குளிர்ந்து சுருங்கி, பிளவு கூடும். இதை நான் உறுதியான பட்டியலில் வைப்பேன். ஆனால் அந்தச் சோதனையில் வெப்பம் 3 முதல் 5 கிலோவாட்தான். எட்டு இடங்களில் இரண்டில் மட்டும் உண்மையான ஸ்டர்லிங் எஞ்சின், மற்ற ஆறிலும் வெப்பத்தை இழுத்துக் காட்டும் போலி அமைப்புகள். "நாசா நிலவு உலையைச் சோதித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் இந்தப் பின்னணியோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

மையத்திலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுவர மூன்று வழிகள். சோடியம் வெப்பக் குழாய் என்பது மூடிய உலோகக் குழாய். ஒரு முனையில் சோடியம் ஆவியாகும், மறு முனையில் குளிர்ந்து திரவமாகி, உள்ளே இருக்கும் வலைத்திரி வழியாகத் திரும்பும். பம்ப் கிடையாது, நகரும் பாகம் கிடையாது. ஒரு குழாய் செத்தால் பக்கத்துக் குழாய்கள் சுமையை ஏற்கும்படி கணக்கிட்டிருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செத்தால் அந்த இடத்தில் எரிபொருள் எவ்வளவு சூடாகும் என்பதுதான் வழக்கமாக எல்லையை நிர்ணயிக்கும். சோடியம் 98 டிகிரியில்தான் உருகும் என்பதால், உறைந்த நிலையிலிருந்து தொடங்கும்போது அவசரப்பட்டால் திரியில் திரவம் திரும்புவதற்குள் சூடான முனை வறண்டுவிடும். இன்னொரு கண்ணி: நிக்கலும் யுரேனியமும் ஒட்டிக்கொண்டால் 800 டிகிரிக்குக் கீழேயே சேர்ந்து உருகும். நிக்கல் கலவையால் செய்த குழாயை யுரேனியத்தோடு நேரடியாகத் தொட விடாமல் நடுவே தடுப்பு அடுக்கு வைப்பது இதனால்தான். இரண்டாவது வழி சோடியம்-பொட்டாசியம் திரவத்தைப் பம்ப் செய்வது. அமெரிக்கா விண்ணுக்கு அனுப்பிய ஒரே உலையான ஸ்னாப்-10ஏ 1965 ஏப்ரலில் அப்படித்தான் ஓடியது, 43 நாளில் நின்றது. நின்றதற்குக் காரணம் உலை அல்ல, விண்கலத்தின் மின்னழுத்தச் சீராக்கி. மூன்றாவது வழி ஹீலியம்-செனான் வாயுவை மையத்தின் வழியே செலுத்தி நேராக டர்பைனுக்கு அனுப்புவது. எடை குறைவு, உறுப்புகள் குறைவு. ஆனால் எங்கே ஒரு கசிவு வந்தாலும் மின்சாரமும் போகும், குளிர்விப்பும் போகும்.

வெப்பத்தை மின்சாரமாக்கப் பிஸ்டன் ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினா, சூடான வாயு சுழற்றும் பிரேட்டன் டர்பைனா என்பது பழைய சண்டை. ஸ்டர்லிங் சிறிய அளவில் திறன் மிக்கது. பிஸ்டன் சுவரைத் தொடாமல் ஹீலியத்தில் மிதந்து ஓடுவதால் தேய்மானம் கிடையாது. க்ளென் மையத்தில் ஒரு ஸ்டர்லிங் மாற்றி 14 வருடத்துக்கு மேல் பராமரிப்பின்றி ஓடியிருக்கிறது. ஆனால் அது நூறு வாட் அளவிலான எஞ்சின். பல பத்து கிலோவாட்டுக்கு மேல் போனால் ஸ்டர்லிங்கின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். பிரேட்டனுக்கு அங்கேதான் கை ஓங்கும். விண்வெளியில் உலையோடு பிரேட்டன் இதுவரை ஓடியதில்லை.

இனி நீங்கள் கேட்ட இடம். நிலவில் வெப்பம் வெளியேற ஒரே வழி கதிர்வீச்சு. மண்ணுக்குள் செலுத்தலாமே என்று தோன்றும். வெற்றிடத்தில் கிடக்கும் நிலவு மண் கிட்டத்தட்ட தெர்மாஸ் குடுவை மாதிரி, வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது. எனவே ரேடியேட்டர் தகடுகள்தான். ஒரு பரப்பு வெளிவிடும் வெப்பம் அதன் தனிவெப்பநிலையின் (கெல்வினில் அளப்பது) நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். நம் உலை கொட்ட வேண்டியது 120 கிலோவாட். ரேடியேட்டர் 400 கெல்வினில், அதாவது 127 டிகிரி செல்சியஸில், கதிர்வீசு திறன் 0.85 என்றால் சதுர மீட்டருக்கு 1,230 வாட் போகும். சுற்றுப்புறம் முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் 97 சதுர மீட்டர் போதும். இரு முகமும் கதிர்வீசும் செங்குத்துத் தகடாக வைத்தால் தகட்டின் பரப்பு அதில் பாதி. 500 கெல்வினுக்கு ஏற்றினால் 40 சதுர மீட்டராகச் சுருங்கிவிடும். ஆனால் குளிர் முனை சூடாக ஆக எஞ்சினின் திறன் சரியும், கொட்ட வேண்டிய வெப்பம் கூடும். இதை ஈடுகட்டத்தான் சூடான முனையை 800 டிகிரிக்குத் தள்ளுகிறார்கள். அதற்கு மேலே போனால் நிக்கல் கலவைகள் பத்து வருடத்தில் மெல்ல நீண்டு தளர்ந்துவிடும். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான் மொத்த வடிவமைப்பும் நிற்கிறது.

"சுற்றுப்புறம் குளிர்ந்து கிடந்தால்" என்று சொன்னேன் அல்லவா, நடுக்கோட்டில் அது பொய்யாகும். நண்பகலில் தரை 120 டிகிரிக்கு அருகே கொதிக்கிறது. செங்குத்துத் தகட்டின் பார்வையில் பாதி வானம், பாதி தரை. அந்தத் தரை அனுப்பும் வெப்பம் மட்டும் சதுர மீட்டருக்கு 550 வாட் போல உள்ளே வரும். நிகரக் கணக்கில் தேவையான பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். தகட்டைச் சூரியனுக்கு விளிம்பு காட்டி நிறுத்துவது, அடியில் பளபளப்பான அலுமினியப் படலம் விரித்துத் தரையை மறைப்பது என்று வழிகள் உண்டு. துருவத்தில் தரை குளிர்ந்தே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ரேடியேட்டருக்கு ஏற்ற இடம் என்று கேட்டால் என் ஓட்டு துருவத்துக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் சோலாருக்கும் அதே இடம்தான் வசதி.

தூசி இந்தக் கணக்கைக் கெடுக்கும். நிலவுத் தூசி கூர்மையானது, ஒட்டிக்கொள்ளும், வெயிலை நன்றாக விழுங்கும். அப்பல்லோ ரோவரின் பேட்டரி ரேடியேட்டர்கள் தூசி படிந்ததால் சூடேறித் தொல்லை கொடுத்தன. தரையிறங்கும் கலத்தின் புகைப்பீச்சு இன்னும் மோசம்: அப்பல்லோ 12 இறங்கிய இடத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி நின்ற சர்வேயர் 3 கலத்தின் மேற்பரப்பு மணல் வீச்சால் உரசப்பட்டிருந்தது. ஆகவே உலையையும் இறங்குதளத்தையும் ஒரே பக்கம் வைக்கக் கூடாது. நடுவே மேடோ மண் அணையோ வேண்டும்.

கதிர்வீச்சுக் கவசமும் கேபிளும் ஒன்றுக்கொன்று விலை பேசும் ஜோடி. நியூட்ரானை நிறுத்த லித்தியம் ஹைட்ரைடு, காமா கதிரை நிறுத்த டங்ஸ்டன் போன்ற கனமான உலோகம். இரண்டும் சேர்ந்து டன் கணக்கில் எடை. தூரம் பத்து மடங்கானால் கதிர்வீச்சு நூறில் ஒன்றாகும், அதனால் தூரம்தான் இருப்பதிலேயே மலிவான கவசம். நாசா வைத்திருக்கும் வரம்பு: ஒரு கிலோமீட்டர் தள்ளி, இயற்கையாக இருப்பதற்கு மேல் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட்டுக்குள் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு அது). சீனாவின் சாங்'இ 4 நிலவுத் தரையில் அளந்த இயற்கைக் கதிர்வீச்சு நாளுக்கு 1.37 மில்லிசீவர்ட், அதாவது ஆண்டுக்கு 500. உலை கூட்டுவது அதில் பத்தில் ஒரு பங்கு. உலையைக் குழிக்குள் இறக்கி மண்ணைக் கவசமாக்கினால் சுமந்துபோகும் எடை மிச்சம். ஆனால் தோண்டும் இயந்திரம் வேண்டும், சுற்றியுள்ள மண் நியூட்ரானைத் திருப்பி அனுப்பி உலையின் எதிர்வினைத் திறனையே மாற்றும், மண்ணில் உள்ள இரும்பும் சோடியமும் கதிரியக்கம் பெறும். முதல் உலைக்கு இது வேண்டாம், தரையிறங்கியின் மேலேயே வைத்து ஓட்டுவது மேல் என்பது என் கருத்து.

ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் கேபிள் போக வர இரண்டு கிலோமீட்டர் கம்பி. விண்கலங்களில் பழகிய 120 வோல்ட்டில் 40 கிலோவாட் அனுப்பினால் 333 ஆம்பியர். இழப்பை 5 விழுக்காட்டுக்குள் வைக்க அலுமினியக் கம்பி மட்டும் 17 டன் வேண்டும்! அதையே 3,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் 27 கிலோ போதும். இதில் விவாதமே இல்லை, உயர் மின்னழுத்தம்தான். பிரச்சினை இரு முனைகளிலும் வரும்: மின்மாற்றிகளுக்கும் சொந்தமாக வெப்பம் கொட்ட வேண்டும், கையுறையோடு மாட்டும் இணைப்பு முனையில் தூசி புகுந்தால் 3,000 வோல்ட்டில் பொறி பறக்கும், கேபிளின் உறை ஒரே மாதத்தில் கொதிப்புக்கும் உறைவுக்கும் நடுவே முந்நூறு டிகிரி போய் வரும்.

ராக்கெட் வெடித்தால்? ஓடாத யுரேனியம் பெரிய கதிர்வீச்சு அபாயமில்லை. யுரேனியம்-235 அரை ஆயுட்காலம் 70 கோடி ஆண்டு, கையுறை போட்டுக் கையாளும் பொருள். ஆபத்தானவை பிளவுக்குப் பின் உண்டாகும் பொருட்கள், அவை உலையைத் தொடங்கிய பிறகே பிறக்கும். 1978 ஜனவரி 24 அன்று வடக்குக் கனடாவில் சிதறி விழுந்த சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோளில் இருந்தது ஏற்கெனவே ஓடிய உலை. எனவே நிலவில் இறங்கி நின்ற பிறகே தொடங்குவது என்பது தளராத விதி. பொறியாளர்கள் உண்மையில் அஞ்சுவது வேறு ஒன்று: உடைந்த உலை கடலில் விழுந்து, இடுக்குகளில் தண்ணீர் புகுந்து, அந்தத் தண்ணீரே தணிப்பானாகித் தொடர்வினை தானாகத் தொடங்குவது. அதனால்தான் நியூட்ரானை விழுங்கும் தண்டு பூட்டிய நிலையிலேயே பயணிக்கிறது. நிலவில் உலையை நிறுத்தினாலும் மிச்ச வெப்பம் இருக்கும்: 160 கிலோவாட் உலையில் நிறுத்தியதும் 10 கிலோவாட் போல, ஒரு நாளில் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே. வெப்பக் குழாய்கள் அதை மின்சாரமின்றியே எடுத்துவிடும்.

நிலவரம்: 2022 ஜூனில் நாசா லாக்ஹீட் மார்ட்டின், வெஸ்டிங்ஹவுஸ், ஐஎக்ஸ் (இன்ட்யூட்டிவ் மெஷின்ஸும் எக்ஸ்-எனர்ஜியும் சேர்ந்த கூட்டு நிறுவனம்) ஆகிய மூன்று குழுக்களுக்குத் தலா 50 லட்சம் டாலர் அளவில் வடிவமைப்பு ஒப்பந்தம் கொடுத்தது, 40 கிலோவாட், 6 டன்னுக்குள், பத்து ஆண்டு என்பது இலக்கு. 2025 ஆகஸ்டில் இலக்கு 100 கிலோவாட், பிரேட்டன், 2030 நிதியாண்டின் தொடக்கத்தில் ஏவத் தயார் என்று உயர்ந்தது. எடையில் தாராளம் காட்டி 15 டன் வரை இறக்கும் தரையிறங்கியை நம்புகிறார்கள். ஆனால் 100 கிலோவாட்டுக்கு 300 கிலோவாட் வெப்பம் கொட்ட 400 கெல்வினில் 240 சதுர மீட்டருக்கு மேல் ரேடியேட்டரை மடித்துக் கொண்டுபோய், யாரும் தொடாமல் விரிக்க வேண்டும். அந்தத் தேதி கிட்டும் என்று நான் நம்பவில்லை. எஸ்பி-100 விண்வெளி உலை, வியாழனின் பனி நிலவுகளுக்குப் போகவிருந்த ஜிமோ கலம் என்று பெரிய கிலோவாட் கனவுகள் முன்பும் தொடங்கி, பறக்காமலே நிறுத்தப்பட்டன. பத்து, இருபது கிலோவாட்டில் ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டு அதையே நான்கைந்தாக அடுக்கினால் எடை கூடும்தான். ஆனால் ஒன்று நின்றாலும் தளத்துக்கு மூச்சுக்காற்று நிற்காது.

கடைசியாக, பத்து ஆண்டு கழித்துப் பழைய உலையை என்ன செய்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். அதைத் தூக்க முடியாது. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 ஆகியவற்றுக்கு அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டு, எனவே முந்நூறு ஆண்டில்தான் அவை ஆயிரத்தில் ஒரு பங்காகும். அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததை வேறு திசையில் இறக்குவார்கள். அதற்கான சமதளமும், அந்தத் திசைக்குக் கேபிள் இழுக்கும் வழியும், மின்பலகையில் ஒரு காலி இணைப்பும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.